இரண்டு வெற்றிலை

மாசி 9, புதன்கிழமை

இன்று காசிமும் வீரய்யாவும் நானும் ஊரைச் சுற்றினோம். தன் நிக்காஹ்வுக்கு முன்னால் ஒரு நாளாவது மூவரும் பழையபடி நடக்கவேண்டும் என்று காசிம்தான் பிடிவாதம் பிடித்தான். துணிக் கிடங்குத் தெரு, படகுத்துறை, ஒல்லாந்தர் கல்லறை எல்லாம் பார்த்துவிட்டுக் கோட்டை வாசலுக்கு வந்தோம்.

காவல்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "சனிக்கிழமை கப்பலுக்குப் பெட்டி கட்டியாச்சா?" என்று ஒல்லாந்து பாஷையில் கேட்டான்.

"இன்னாடா சொல்றான்?" என்றான் காசிம்.

"வெயிலு ஜாஸ்தியா கீதுன்றான்" என்றேன்.

கோட்டையில் ஒல்லாந்தர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி நான். ஒருவர் பேச்சைப் பொய்யாகத் திரித்துச் சொன்னது இதுதான் முதல் தடவை.

போன வாரம் கப்பல் கப்பித்தான் வெற்றிலைத் தட்டை நீட்டினார். பெரிய மனிதர் நீட்டுவதை மறுப்பது மரியாதையில்லை என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். பிறகுதான், துபாஷியாக மூன்று வருஷம் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்கு வரவேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"வெற்றிலை வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி என்று நீதானே எனக்குச் சொன்னாய்?" என்றார்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். "வாங்கிட்டியே" என்றார். எழுந்துபோய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்.

இன்று ஏரிக்கரையில் உட்கார்ந்ததும் காசிம் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தான். "ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல நீதான் நிக்கணும்" என்றான். சனிக்கிழமையே கப்பலேறுவதை இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வெற்றிலையை மடித்து அவனே என் வாயில் வைத்துவிட்டான்.

துப்பவா முடியும்? மென்றேன்.