கடலுக்குப் போன பூசணி

என் செல்லப் பூசணிக்கு,

அப்பா எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் சுகம், அம்மாவோட முட்டி வலியும் எங்களை விட்டுப் பிரியாம சௌக்கியமா இருக்கு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடறியா? குளிர்ல காதை மூடிக்கோ.

எங்க பட்டறையில மிதவைக் கருவி செய்யறோம்ல, அது ஆளில்லாம தானா ஆழத்துக்கு முங்கிப்போய் தண்ணியில ஆக்சிஜன் எவ்வளவு, அமிலம் எவ்வளவு, பாசி எவ்வளவுன்னு அளந்துட்டு, பத்து நாளைக்கு ஒருக்கா மேல வந்து சாட்டிலைட் வழியா சொல்லிட்டுப் போகும். கடலுக்கு அனுப்பறப்போ ஒவ்வொண்ணுக்கும் செல்லப்பேர் எழுதறது எங்க வழக்கம். இந்தத் தடவை என் முறை. மஞ்சளா உருண்டு திரண்டு இருந்துச்சா, உன் பேரையே எழுதிட்டேன், கோச்சுக்காதே. கப்பல்லேருந்து இறக்கி விட்டதுதான் தெரியும், அப்புறம் பேச்சுமூச்சே இல்ல. வர வேண்டிய நாளெல்லாம் வந்துட்டுப் போயிடுச்சு. மேனேஜரம்மா, பூசணி அவ்வளவுதான், மறந்துடுங்கன்னுட்டாங்க. வீட்டுல அம்மா, உங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா, பெத்த பொண்ணு பேருதான் கிடைச்சுதான்னு என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டா. எனக்கும் சோறு இறங்கல.

போன புதன்கிழமை கம்ப்யூட்டர்ல மத்த மிதவைகளைச் சும்மா பாத்துட்டிருந்தேன். 'வாத்து'ன்னு ஒண்ணு ஆழ்கடல்லேருந்து ஜம்முனு ஆக்சிஜன் கணக்கு அனுப்பியிருக்கு. தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. வாத்து இன்னும் கடலையே பாக்கலடி, அலமாரி மேல தூசி படிஞ்சு உக்காந்திருக்கு, தினம் என் தொப்பியை அது தலையிலதான் மாட்டறேன்! ஓடிப்போய்ப் பாத்தா அங்கேயேதான் இருக்கு. பூசணியையும் வாத்தையும் ஒரே மேசையில பிரிச்சுப் போட்டு வேலை பாத்தப்போ, சேதி அனுப்பற பெட்டியை மாத்தி மாட்டித் தொலைச்சிருக்கோம். பூசணி சமத்தா மேல வந்து வந்து பேசியிருக்கா, அத்தனையும் வாத்து பேருல விழுந்திருக்கு. மேனேஜரம்மா சிரிச்ச சிரிப்புல அவங்க மூக்குக்கண்ணாடியே கீழ விழுந்துடுச்சு.

சாயங்காலம் அம்மாகிட்ட சொன்னேன். அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்து ஓன்னு அழுதுட்டா. அதான் கிடைச்சுடுச்சேன்னேன். நான் என்ன உங்க மிஷினுக்கா அழறேன், அவ போன் பண்ணி ஒரு மாசம் ஆகுதுன்னா. எனக்கும் அதேதான்டி, ஆம்பளைன்னு வெளிய காட்டிக்கல. உனக்கு வேலை ஜாஸ்தின்னு தெரியும், கதையெல்லாம் பேச வேணாம், இருக்கேன்னு ஒரு வார்த்தை போதும்.

நல்லா இரு கண்ணு, நெனச்சதெல்லாம் உனக்குக் கைகூடட்டும். ஞாயித்துக்கிழமை மறக்காம கூப்பிடு. அம்மா உடனே எடுக்கலைன்னா வச்சுடாதே, கண்ணைத் தொடைச்சுட்டு எடுப்பா.

ஆசையோட,
உன் அப்பா