ஆறாம் இதழின் ரேப்பர்

மார்ச் 3
நாற்பது வருடத்துக்கு முன் நான் ஆசிரியராக இருந்து நடத்திய விஞ்ஞானக்கதை ரசிகர் இதழ்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து இணையக் குழுவில் போடுகிறேன். அப்போது அறுபத்தோரு வாசகர்கள். நானே சுற்றி அச்சடித்த சைக்ளோஸ்டைல் மை நகக்கண்ணை விட்டுப் போகவே போகாது. ஒரு மாதம் கழித்து எவனோ ஒரு வாசகனிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வரும், சண்டைக்கென்றே எழுதியிருப்பான். இன்று ஐந்தாம் இதழுக்கு மாலைக்குள் இருநூறு இதயங்கள். அட்டையைத் தாண்டி ஒரு பயல் புரட்டவில்லை.

மார்ச் 5
ஒரு பெண் புரட்டிவிட்டாள். 'சனிக்கோள் வாசகி' என்ற புனைபெயரில் வந்த கடிதத்தை எடுத்துப் போட்டிருக்கிறாள்: "உங்கள் கதைகளில் பெண்கள் விண்கலத்தில் ஏறுவதே இல்லையே? நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன், அனுப்பட்டுமா?" அதன் கீழே ஆசிரியர் பதில் — என் பதில்: "அம்மணி, முதலில் அடுப்பில் பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

குழுவே கிழித்துத் தொங்கவிட்டது. 'காலம் அப்படி' என்று அடித்தேன், அழித்தேன். காலமா எழுதியது? நான்தானே. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மார்ச் 7
குழு ஏதோ புதுப்பட டிரெய்லருக்குப் போய்விட்டது. என்னால் போக முடியவில்லை.

மார்ச் 8
என்னோடு இருக்கும் அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அந்தம்மாவத் தேடிப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும்க்கா" என்றேன்.

தலை நிமிரவில்லை. "கேளு. இங்கதானே உக்காந்திருக்கேன்."

அந்தச் சனிக்கோள் வாசகி இவள்தான். ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்துத் தபாலில் போட்டிருக்கிறாள். ஒரே வீட்டிலிருந்து!

"ஏன்க்கா சொல்லல?"

"அக்கான்னு தெரியாமப் படிக்கட்டும்னுதான்."

"நாவல்?"

"அடுத்த இதழத் தபால்ல அனுப்ப, சுத்தி ஒட்டுற ரேப்பருக்குத் தாள் இல்லன்னு குதிச்சியே. கிழிச்சுக் குடுத்தேன், எழுத்து உள்பக்கமா மடிச்சு. நீதான் பசை தடவுன."

மார்ச் 9
பழைய இதழ்கள் இருந்த பெட்டியைக் கவிழ்த்தேன். விலாசதாரர் இல்லையென்று திரும்பி வந்த ஆறாம் இதழ் ஒன்று, பிரிக்காமலே கிடந்தது. ரேப்பரை ஆவியில் காட்டிப் பிரித்தேன். உள்ளே அவள் கையெழுத்து, பதினோரு வரி. கலத்தை ஓட்டுபவள் கதவைத் திறக்கப்போகிறாள், அதற்குள் தாள் முடிந்துவிடுகிறது. நாங்கள் அச்சிட்ட எந்தக் கதையிலும் இப்படி ஒரு வரி இல்லை. மற்றதெல்லாம் அறுபது வீட்டுக் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். அனுப்பியவன் நான்.

மார்ச் 10
பழைய ரேப்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று குழுவில் கேட்டேன். "ரேப்பரையெல்லாமா சார் எடுத்து வைப்பாங்க?" கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை.

மார்ச் 14
பதினோரு வரியையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் எழுதியிருக்கேன்ல?" என்றாள்.

"கதவத் தெறந்து என்னக்கா பாத்தா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஞாபகம் இல்லடா. நெஜமாவே ஞாபகம் இல்ல." பிறகு, "அடுப்புல பால் வச்சிருக்கேன், போய்ப் பாரு" என்றாள்.

போனேன். பொங்கி வழிந்து அடுப்பே அணைந்திருந்தது.