அத்தையின் இடுப்பில் சிவப்புத் துணி

2.9.1956, ஞாயிறு

பழைய மாணவியர் தினத்துக்கு இன்னும் இரண்டு வாரம். அன்று பயிற்சிக் கல்லூரியில் படிக்கும் எங்களுக்கும், படித்து முடித்துப் போன ஆசிரியைகளுக்கும் கொடிப்பந்து நடக்கும். பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறவள் இடுப்பில் கொடி போல் செருகியிருக்கும் துண்டுத் துணியை உருவிவிட்டால் அவள் நின்றுவிட வேண்டும். உருவுவதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அவளுக்குப் புள்ளி.

பழையவர்களின் தலைவி யார்? என் மாமியார். தெங்கேரா பள்ளி சாரதாம்பாள் டீச்சர். காஜா பேராங் தெருவில் இந்த வீட்டுக்கு நான் வாழ வந்து நாலு மாதம்; அவர் எதிரில் இன்னும் சத்தமாக இருமக்கூட மாட்டேன். இன்று காலை மாமனாரின் பழைய வெள்ளைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினார். நாற்பது தாண்டியவர்! ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பால் பொங்கிவிட்டது.

14.9.1956

என் அம்மாவிடம் போய் மோதாதே என்கிறார் இவர். மோதுவதா? நானா?

15.9.1956, சனி

அவர்கள்தான் வென்றார்கள். கடைசி வரை சமம். அத்தை பந்தோடு ஓரமாகப் பறந்து வந்தார். சட்டென்று ஒரு திருப்பம் — இரண்டு பேர் ஏமாந்து நின்றார்கள். எதிரில் நான் மட்டும். சிவப்புத் துணி விரலில் பட்டது. விட்டுவிட்டேன்.

திரிஷா ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வரும்போது அத்தை முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

16.9.1956

சமையலறையில் வைத்துக் கேட்டார், ஏன் எடுக்கவில்லை என்று. நீங்க அத்தையாச்சே என்றேன்.

"ஆறு வருசமா ஓடிக் கெலிச்சேன், விஜயா. இந்த வருசம் நீ பிச்சை போட்டுட்ட."

மரியாதைன்னுதானே நினைச்சேன்… அவங்களுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்.

23.9.1956

விடிந்ததும் அத்தை கதவைத் தட்டி, "ஓட வர்றியா?" என்று மட்டும் கேட்டார். போனேன். கம்போங் செட்டி கோயில் வரை. பூப் பறித்துக்கொண்டிருந்த ஒரு செட்டி அம்மா, நாய் துரத்துகிறதா என்று மலாயில் கேட்டார்; இந்த ஊர்ச் செட்டிகளுக்கு வீட்டுப் பேச்சே மலாய்தான். அத்தை மலாயிலேயே ஏதோ பதில் சொன்னார், நிற்காமல். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

31.8.1957

மெர்டேக்கா, சுதந்திர நாள். ஊரெல்லாம் கொடி. அத்தை இன்றும் ஓடினார். நானும்.

14.9.1957, சனி

உருவிட்டேன்!

ஒரு வருஷம் கூடவே ஓடியதில் தெரிந்துகொண்டது: இடப்பக்கம் திரும்புமுன் அத்தையின் வலது தோள் லேசாகச் சாயும். சாய்ந்தது. எடுத்துவிட்டேன். அவர் ஈரப் புல்லில் வழுக்கி விழுந்தார், முழங்காலில் ரத்தம். இவர் என்னை முறைத்தபடியே ஓடி வந்தார். அத்தை தன் மகனைப் பார்க்கவே இல்லை. "கை குடு" என்று என்னைப் பிடித்து எழுந்தார். நொண்டிக்கொண்டே தன் தோழிகளிடம் போனார்.

"என் மருமக. எவ்வளவு சுத்தமா எடுத்தா, பாத்தீங்களா?"

நாங்கள் வென்றதுகூட அப்புறம்தான் என் காதில் விழுந்தது.

15.9.1957

இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அத்தை முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, அடுத்த வருஷம் நீயும் பழைய மாணவிதானே, எங்களோட எந்தப் பக்கம் ஓடுவே என்று கேட்டார்.

"வலப்பக்கம் எனக்கு வேணும் அத்தை. நீங்க இடப்பக்கம் போங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அத்தை மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. பந்த மட்டும் நேரத்துல எனக்குத் தள்ளிவிடு."