பாலாமணியை அழைக்க வந்தவன்

மாத்தளை
1913 ஆடி 12

அழகமுத்து, அந்த ராசையாங்கிறவனை நெசமாவே நீதான் அனுப்புனியா, முதல்ல அதச் சொல்லு. முத்துமாரி காவல்ல நானும் உன் பொண்டாட்டி பாலாமணியும் சொகமா இருக்கோம், அந்தப் பர்மா மலையில நீயும் உன் கோவேறு கழுதைகளும் கால் வழுக்காம நடக்கணும்னு அந்த ஆத்தாவைத்தான் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். செவ்வாக்கெழம நான் விளக்கு ஏத்தையில கம்பளியைப் போத்திக்கிட்டு வந்து நின்னான். ரத்தினக்கல் சுரங்கத்துக்கு உன்னோட சேந்து கழுதையில பொதி ஏத்திப் போறவனாம், அடுத்த வாரம் கப்பலாம், பாலாமணியைக் கூட்டிட்டு வரச் சொன்னியாம். உன் கடுதாசி எங்கடான்னா, கழுதை பள்ளத்துல உருண்டப்ப பையோட போயிருச்சுங்கிறான். அவன் பொண்டாட்டியும் கூட வர்றாளாம், ஆனா கண்ணுல காட்டல, கொழும்புல நிக்கிறாளாம். இப்படி இனிக்க இனிக்கப் பேசித்தான் எங்கப்பாவையே தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கடல் தாண்டிக் கொண்டாந்தான், எனக்குத் தெரியாதா.

அந்நேரம் பாத்து நாவுல ஊரு ஸெய்னுலாப்தீன் நானா தன் பொதிமாட்டை வாசல்ல நிறுத்தியிருந்தாரு. ரெண்டு மூட்டையைக் காட்டி, ஏத்திக் கட்டு பாக்கலாம்னேன். உங்க மாமா முப்பது வருசம் இங்க நாலந்தா ரோட்டுல பொதிமாடு ஓட்டுனவரு, ரெண்டு பக்கமும் எடை பாத்து, மாட்டு விலாவுல முட்டியை ஊனிக் கயித்தை இழுக்குற இழுப்பு எனக்கு மனப்பாடம். இவன் கயித்துக்கிட்டயே போகல. எங்களுக்குக் கழுதைதாங்க பழக்கம், மாடு தெரியாதுங்கன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நானா அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாரு.

"பொதி எதுல ஏத்துனாலும் பொதிதானேடா, நீ பொண்ணு பிடிக்க வந்தவன்"னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன்.

பாலாமணி அதுக்குள்ள பெட்டி கட்டிட்டா. நாலு வருசமா காத்துக் கெடக்கேன் அத்தை, வந்தவரு பொய் சொல்றவரு மாதிரி தெரியலன்னு ஒரே அழுகை. நான் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். அப்பறமும் மூணு நாள் கோயில் மடத்துல காத்துக் கெடந்துட்டு, இன்னைக்குக் காலம்பற ரயில்ல போயிட்டான். அவ என்கிட்ட பேசுறதில்ல, சோறும் எறங்கல. நீயே சொல்லு, முன்னப்பின்ன தெரியாதவனோட எப்படி அனுப்புவேன்? இனி ஆள் அனுப்புனா உன் கையெழுத்தோட அனுப்பு. குளிர்ல தலைக்குத் துணி கட்டிக்க, வெள்ளிக்கெழம கறி தொடாத. ஆத்தா உன்னை நூறு வயசு நடமாட வைக்கட்டும்.

உன்னை வளத்த அத்தை,
கிருஷ்ணம்மா

இப்பத்தான் ஞாபகம் வருது. திருநீறு குடுத்தப்ப அவன் இடது கையை நீட்டினான், சாமிக்குப் பயப்படாத பயன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வந்ததுலருந்து போற வரைக்கும் வலது கையைக் கம்பளிக்குள்ளருந்து எடுக்கவே இல்ல. கயித்தைத் தொடாததும் அதனாலதானோ?