ஒரு குறையும் இல்லை

அக்டோபர் 14
நாளை மறுநாள் நலத்துறை மானியத்திற்கான ஆய்வு. கிடைத்தால் ராத்திரிக்கு ஒரு பராமரிப்பாளரை வைக்கலாம். கிடைக்காவிட்டால் படுக்கையில் கிடக்கும் சின்னையாவை எங்கள் முதியோர் இல்லத்தில் வைத்திருக்க முடியாது. இரவில் தனி ஆள் வேண்டும் என்று போன முறை வந்த அதிகாரிகளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பகலில் நானும் உதவியாளர் தாமரையும். ராத்திரி நான் மட்டும். முதுகு ஒடிகிறது.

அக்டோபர் 16
எல்லாம் கெட்டது! தீபாவளி வாரம் என்பதை யோசிக்கவே இல்லை. கோயில்காரர்கள், பள்ளிக்கூடம், கிள்ளான் துணிக்கடை முதலாளி — ஆளாளுக்கு அரிசி மூட்டையும் முறுக்கு டின்னும் கொண்டுவந்து இறக்க, அதற்கு நடுவில் அதிகாரி ஷிரீன் வந்து நின்றார்.

சின்னையாவிடம் குனிந்து, "இங்க எதுவும் குறை இருக்கா அங்கிள்?" என்றார்.

"ஒரு குறையும் இல்லம்மா. அமுதவள்ளி பெத்த மக மாதிரி பாத்துக்குது" என்று என்னைக் காட்டினார்.

மற்ற முதியவர்களும் அதையே பாடினார்கள். வெளியாள் முன்னால் வீட்டை விட்டுக்கொடுக்கக் கூடாதாம்! நான் மட்டும் என்ன கிழித்தேன்? "சமாளிச்சுக்கறோம்லா மேடம்" என்று பல்லைக் காட்டினேன்.

நவம்பர் 7
மானியம் இல்லை. ஷிரீனே போன் செய்தார். "ஆன்டி, நீங்க எல்லாரும் சொன்னதத்தான் எழுதினேன்." மேல்முறையீடு செய்தால் மறுபடி வருவாராம். செய்துவிட்டேன். அரிசி மூட்டையா ராத்திரி கூப்பிட்டால் எழுந்து வந்து ஆளைத் தூக்கும்?

நவம்பர் 9
பந்திங் ஊரில் வேறோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்தேன். சின்னையாவிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். எனக்குத்தான் அழுகை.

நவம்பர் 20
ஷிரீன் வந்தார். சின்னையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குப் பொய் சொன்னேம்மா. ராத்திரி ஈரமாயிட்டா விடியிற வரைக்கும் அப்படியே கிடப்பேன். கூப்பிட மாட்டேன். அமுதவள்ளி ஒண்டியா எத்தன பேரத் தூக்கும்?"

பக்கத்து அறையில்தான் படுக்கிறேன். சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா. தினமும் காலையில் துணி மாற்றும்போது, இப்போதுதான் நனைந்தது என்றல்லவா நினைத்தேன்?

ஷிரீன் போனபின் கேட்டேன். "நிஜமா ஐயா? இல்ல, மானியத்துக்காகச் சொன்னீங்களா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிசம்பர் 29
மானியம் கிடைத்துவிட்டது! சின்னையா எங்கேயும் போக வேண்டாம். தாமரை எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தாள். அவர் மானியத்துக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் தூக்கம் வருகிறது.

ஜனவரி 13
இரவு வேலைக்குப் புஷ்பவல்லி நேற்று வந்து சேர்ந்தாள். காலையில் வழக்கம்போல் மாற்றுத்துணியோடு சின்னையாவிடம் போனேன்.

"வேணாம்மா. புஷ்பா ராத்திரியே மாத்திருச்சு. நல்லாத் தூங்கினேன்."

விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அன்று அவர் சொன்னது அத்தனையும் உண்மை.