வளையமாக விரிந்த லேசர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

போனில் என் குரல் சரியில்லை என்றாயே, பயப்பட ஒன்றுமில்லை. விபத்தில் தாடை நொறுங்கிய ஒரு பெண்ணுக்காக, உலோகத் தூளை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காகத் தாடையெலும்பு செய்துகொண்டிருந்தோம். பாதியில் தீப்பொறி தெறிக்க ஆரம்பித்தது; அப்படியே விட்டால் எலும்புக்குள் விரிசல் விழும்.

"நிறுத்திடும்மா, போச்சு" என்றார் மேலாளர். நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளுடைய ஆபரேஷன் தள்ளிப்போகும்.

"சார், லேசர் ஊசி மாதிரி ஒரே இடத்துல குத்துது. வளையல் மாதிரி விரிச்சுப் பாக்கறேன்."

"கெட்டுப்போனா நீதான் பதில் சொல்லணும்."

கண்ணாடி இழை வழியே வரும் லேசரை வளையமாக மாற்றினேன். பொறி அடங்கியது. ஆனாலும் கடைசி அடுக்கு முடியும்வரை எனக்கு உயிரே இல்லை. சோதித்தபோது உள்ளே ஒரு விரிசல்கூட இல்லை. மேலாளர் டீ கொண்டுவந்து வைத்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். நேற்று அந்தப் பெண்ணுக்குப் பொருத்திவிட்டார்களாம்.

என்னோடு வேலை செய்கிறவள் லீவில் நம் ஊருக்கு வந்திருக்கிறாள்; அடுத்த வாரம் திரும்புகிறாள். நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையை அவளிடம் கொடுத்தனுப்பு; இங்கே குளிர் அதிகம். துவைக்காதே அம்மா, அப்படியே மடித்துக் கொடு.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் சின்னவள்