கடனை மன்னிக்கச் சொல்லி வென்றேன்

ஞாயிறு, இரவு

இன்று மாதா கோயில் மண்டபத்தில் என் கணவரைத் தோற்கடித்தேன். திருநாளுக்கு வைத்த பட்டிமன்றம். ஏழை நாடுகளின் கடனை மன்னிக்கலாமா என்பதுதான் பொருள். கூடாது என்ற அணிக்கு அவர் தலைவர். வங்கியில் வேலை செய்கிறவர் வேறு என்ன சொல்வார்? மன்னிக்க வேண்டும் என்ற அணிக்கு நான்.

"வாங்கினதைக் கட்டாட்டி நாளைக்கு ஆர் எங்களுக்குத் தருவினம்?" என்று அவர் கேட்டபோது மண்டபமே கைதட்டியது. நான் பாடமாக்கியது எல்லாம் மறந்துபோனது.

முன்வரிசையில் என் தம்பி இருந்தான். நாடு கடனில் விழுந்து மோட்டருக்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லாமல் போன வருடம் மீன்பிடி வள்ளத்தை விற்றவன். அவனைக் கண்டதும் வாய் திறந்தது.

"அந்தக் கடனுக்கு இவன் கையெழுத்து வைச்சவனோ? வாங்கினது ஆரோ, வள்ளத்தை வித்தது இவன். கட்டேலாதெண்டு தெரிஞ்சு குடுத்தவையும் கொஞ்சம் இழக்கட்டும்!"

தம்பி எழுந்து நின்று தட்டினான். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். நடுவராக இருந்த பங்குச் சுவாமி எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

வீட்டு வாசலில் கணவர், "நல்லாத்தான் கதைச்சனீர். ஆனா நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லேல்லை" என்றார்.

உண்மைதான். அதை யோசிக்க வேண்டும், ஆனால் இன்றைக்கல்ல. சிரிப்பு அடங்கவே மாட்டேன் என்கிறது.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். "லைற்றை நூருமப்பா" என்கிறார். இதை எழுதி முடிக்கும்வரை அணைக்கமாட்டேன். தோற்றவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.